பொம்மிக்குக் கொடுத்தனுப்பிய துண்டு

அன்னூர்,
12.8.1995

ஈரோடு அழகிரிசாமி ஐயா அவர்களுக்கு, அன்னூர் பொங்கியண்ணன் சம்சாரம் ராசாத்தாள் வணக்கம் சொல்லி எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நாங்களும் ஏதோ இருக்கிறோம்.

என்னை உங்களுக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்துக்கு மஞ்சள் எடுக்க வரும் ரசாக் பாய்தான் விலாசம் கொடுத்தார். "ரயில்வேயில கார்டா இருந்து ரிட்டயர் ஆனவருங்க, சுத்தமான அல்சேஷன் குட்டி, ஏமாத்து வேலையே கிடையாதுங்க, ஆனா ஆளு கொஞ்சம் கறாருங்க" என்றார். கறாராக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன.

எங்களுக்கு ஒரு குட்டி வேண்டும். ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்துக்குள் வீடு. முன்பிருந்த நாட்டு நாய் லாரியில் அடிபட்டுப் போய்விட்டது. என் வீட்டுக்காரருக்கு அல்சேஷன் என்றால் உயிர். வயசுப் பையனாக இருந்தபோது கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளி பங்களாவில் பார்த்தாராம். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. நான்தான் "மாட்டுக்குத் தீனி போட்டு மாளலை, இதுல சீமை நாய் வேறயாக்கும்" என்று வாயை அடைத்தே வைத்திருந்தேன். சித்திரையில் அவருக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. இப்போது தேவலை. தடி ஊன்றி நடக்கிறார். ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி கேட்கிறார். சும்மா இருக்கிறவருக்கு மறுபடி நாய் ஞாபகம் வந்துவிட்டது. வாங்கிக் கொடுத்துத் தொலைக்கலாம் என்று நானும் முடிவு செய்துவிட்டேன்.

எப்போது வந்தால் கிடைக்கும் என்று நாலு வரி எழுதுங்கள்.

ராசாத்தாள்


ஈரோடு,
25.8.1995

திருமதி ராசாத்தாள் அம்மாள் அவர்களுக்கு வணக்கம். கடிதம் கிடைத்தது. உங்கள் கணவர் தேறிவருவது அறிந்து மகிழ்ச்சி. நான் சௌக்கியம்.

குட்டி இப்போது கைவசம் இல்லை. இருந்தாலும் கேட்டவுடன் தூக்கிக் கொடுக்கிற வழக்கம் என்னிடம் கிடையாது. ஜூலி என்று ஒரே ஒரு பெண் நாய் வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் அதைக் குட்டி போட வைப்பதில்லை. அதற்கும், சேர்க்கப்போகும் ஆண் நாய்க்கும் பரம்பரை இடுப்புக் கோளாறு உண்டா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் சேர்ப்பேன். ஐப்பசியில் சேர்த்தால் மார்கழியில் குட்டி. அதற்குப் பிறகும் எட்டு வாரம் தாயிடமே இருக்கும். கண் திறந்த சூட்டோடு பிரித்து விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவசரம் என்றால் அங்கே போகலாம்.

காத்திருப்பதாக இருந்தால் எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? சோறு யார் வைப்பார்கள்? காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப்போவது யார்? பொழுதெல்லாம் சங்கிலியில் கட்டுகிற உத்தேசம் உண்டா? வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, இல்லை ஒருவர் ஆசைக்கு இன்னொருவர் தலையாட்டுகிறாரா? செருப்பு, பெல்ட் மாதிரித் தோல் சாமான்களைக் கீழே போட்டுவைக்கிற வீடா? தோலைக் கடித்து ருசி கண்ட குட்டியைப் பிறகு திருத்துவது பெரும்பாடு. கொடுப்பதற்கு முன் நானே ஒரு தடவை வீட்டை வந்து பார்ப்பேன். என்றைக்காவது வைத்துக்கொள்ள முடியாமல் போனால் என்னிடமே திருப்பித் தர வேண்டும். வேறு கைக்குப் போகக்கூடாது.

இதையே எழுதி எழுதி எனக்கும் அலுத்துவிட்டது. முன்பு ஒரு வீட்டில் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்கள். வாங்கினவர் உடம்பு முடியாமல் படுத்தார், நாயை வேப்பமரத்தில் கட்டிப் போட்டுவிட்டார்கள். என்னிடம் திரும்பி வந்தபோது அதற்கு நடையே மறந்துபோயிருந்தது. அதனால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
அழகிரிசாமி


அன்னூர்,
9.9.1995

ஈரோடு ஐயா அவர்களுக்கு ராசாத்தாள் வணக்கம். இங்கே மழைதான் இல்லை, மற்றபடி சுகம். அங்கே காவிரியில் தண்ணீர் போகிறதா?

உங்கள் கடிதத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். "ஏனுங்க, நம்ம கோகிலாவப் பொண்ணு கேட்டு வந்தவங்களக்கூட நாம இத்தனை கேள்வி கேக்கலீங்களே" என்றேன். கோகிலா எங்கள் ஒரே மகள், திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். நான் அப்படிச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக உங்களுக்கு ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன்.

பகலில் அவர் வீட்டில், நான் காட்டு வேலையில். கூப்பிடு தூரம்தான். சோறு நான் வைப்பேன். நாலு மாட்டுக்கு வைக்கிறவளுக்கு ஒரு நாய்க்கு வைக்க முடியாதா? சுற்றிலும் கம்பி வேலி இருக்கிறது, கட்ட வேண்டிய அவசியம் இல்லை. செருப்பு அவர் இப்போது போடுவதில்லை, என்னுடையது ரப்பர். தோல் என்று பார்த்தால் அவர் ரேடியோவுக்குப் போட்ட உறை ஒன்றுதான். அது எந்நேரமும் அவர் நெஞ்சின் மேல்தான் இருக்கும், எந்த நாய்க்கும் எட்டாது. ஒரு நாள் அது நழுவிக் கட்டிலடியில் விழுந்துவிட்டது. நான் மாட்டுக்குச் சோளத் தட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயிலுக்கு வந்து எடுத்துக் கொடுக்கிறவரை ரேடியோ கீழே பாடிக்கொண்டு கிடந்தது, இவர் மேலே அழுதுகொண்டு கிடந்தார். ரேடியோ மேல் அப்படி ஒரு பைத்தியம்.

நடக்க அவரே கூட்டிப்போவார். டாக்டரும் நடக்கத்தான் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சம்மதம்தான்.

ராசாத்தாள்


ஈரோடு,
20.9.1995

திருமதி ராசாத்தாள் அம்மாள் அவர்களுக்கு வணக்கம். மழை இங்கேயும் இல்லை. காவிரியில் கொஞ்சம் தண்ணீர் போகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். தடி ஊன்றி நடக்கிற மனுஷன், கட்டிலடியில் விழுந்த ரேடியோவை எடுக்க முடியாமல் உச்சி வெயில் வரை அழுதுகொண்டு கிடந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, உங்கள் கணவர் நடக்கவில்லை. எழுந்துகூட உட்காரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் பொய் எழுதினதாக நான் நினைக்கவில்லை. ஆசைப்பட்டதை எழுதிவிட்டீர்கள். ஆனால் அல்சேஷன் வளர்ந்தால் ஒரு ஆள் கனம் இருக்கும், தினமும் நடக்க வேண்டும், ஓட வேண்டும். படுத்திருப்பவரை நம்பி நான் கொடுக்க முடியாது. வேப்பமரத்து நாயை இன்னொரு தடவை பார்க்க என்னிடம் தெம்பில்லை. உங்களுக்கு ஒரு பொமரேனியன் போதும். கோயமுத்தூரில் நாணயமான ஒருவர் இருக்கிறார், கேட்டால் விலாசம் தருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அழகிரிசாமி


அன்னூர்,
8.10.1995

ஐயா அவர்களுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீங்கள் நன்றாக இருங்கள்.

ஆமாம், நடக்கவில்லை. சித்திரையில் விழுந்தவர் விழுந்தவர்தான். வலது பக்கம் மரக்கட்டை. வெளிக்குப் போவதெல்லாம் கட்டிலிலேயே. பேச்சு என்று வருவது ஒன்றிரண்டு சத்தம், அது எனக்கு மட்டும்தான் புரியும், சில நாள் எனக்கும் புரியாது. அப்புறம் எங்கே நாய்ப் பேச்சு பேசினார் என்று கேட்பீர்கள். சுவரில் உரக்கடைக் காலண்டர் மாட்டியிருக்கிறது, அதில் ஒரு அல்சேஷன் படம். அதைப் பார்த்து இடது கையை ஆட்டுவார். அவ்வளவுதான்.

ஆடியிலிருந்து சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால் பல்லை இறுக்கிக்கொள்கிறார். நான் கெஞ்சுகிறேன், திட்டுகிறேன், சமயத்தில் கரண்டியைச் சுவரில் விட்டெறிகிறேன். உங்கள் கேள்விக் கடிதம் படித்த அன்றைக்கு வாங்கிச் சாப்பிட்டார், ஐயா. மார்கழியில் குட்டி என்று எழுதியிருந்தீர்களே, அன்றிலிருந்து காலண்டரை மார்கழிக்குத் திருப்பச் சொல்லிக் கையை ஆட்டுகிறார். அவருக்கு நாயே வேண்டும் என்பதில்லை. நாளைக்கு என்று ஒன்று வேண்டும். அதை நான் எந்தக் கடையில் போய் வாங்குவேன்?

என் சம்மதம் கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையே இல்லை. நான் களைத்துப்போய்விட்டேன். மாடு, காடு, அவர், அப்புறம் வற்றிப்போன போர் கிணறு. இதற்கு மேல் இன்னொரு சீவனை ஏந்திக்கொண்டு திரிய யாருக்கு ஆசை வரும்? ஆனால் நடக்க வைப்பேன். வாய்க்கால் மேட்டில் காலையும் மாலையும் நானே நடக்க வைப்பேன். செய்கிறேன் என்று சொல்லி நான் செய்யாமல் விட்டது கிடையாது, ரசாக் பாயைக் கேட்டுப் பாருங்கள்.

பொமரேனியன் வேண்டாம். நீங்கள் மாட்டேன் என்று எழுதியதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ராசாத்தாள்


ஈரோடு,
22.12.1995

அன்புள்ள அம்மணி ராசாத்தாளுக்கு அழகிரிசாமி எழுதுவது. பொங்கியண்ணன் எப்படி இருக்கிறார்? சாப்பிடுகிறாரா? பனி அதிகம், காதுக்குத் துணி கட்டிவிடுங்கள்.

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாமல் இருந்தது தப்பு. எழுத உட்கார்வேன், என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். இப்போது எழுத விஷயம் இருக்கிறது. திங்கட்கிழமை ஜூலி குட்டி போட்டது. ஆறு. அதில் ஒரு பெண் குட்டி, முகம் மட்டும் கரிச்சட்டி மாதிரி கறுப்பு. மற்றதெல்லாம் முட்டி மோதிப் பால் குடிக்கும், இது இடம் கிடைக்கிறவரை பேசாமல் படுத்திருக்கும். படுத்திருக்கிற ஒருவரின் பக்கத்தில் இருக்க இதுதான் சரி. அவரிடம் சொல்லிவிடுங்கள், அது அவருடையது. நடக்க வைப்பது நீங்கள்.

ஒரு வேலை இருக்கிறது. குட்டி யாருக்கென்று முடிவானதும் அவர் உடுத்திய பழைய துணி ஒன்றை வாங்கிக் குட்டிகளின் படுக்கையில் போட்டுவைப்பது என் வழக்கம். அந்த வாசத்திலேயே தூங்கி வளர்ந்த குட்டி புது வீட்டில் முதல் நாள் அழாது, ஆளைத் தேடிக்கொண்டு தானாகப் போகும். அதனால் அவர் துணி ஒன்று வேண்டும். துவைத்தது கூடாது. சில நாள் அவர் மேலேயே கிடந்ததாக இருக்க வேண்டும். ரசாக் பாய் மண்டிக்கு வரும்போது கொடுத்தனுப்புங்கள்.

குட்டியின் ஜாதிச் சர்டிபிகேட்டில் எழுத ஒரு பெயரும் வேண்டும். அவர் வாயில் நுழைகிற பெயராக இருக்கட்டும்.

அழகிரிசாமி


அன்னூர்,
10.1.1996

அண்ணனுக்குத் தங்கை ராசாத்தாள் எழுதுவது. அண்ணன் என்று எழுதலாம்தானே? பொங்கல் நெருங்கிவிட்டது. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் வாழ்த்துகள். வீட்டில் யார் யார் என்று நீங்கள் எழுதியதே இல்லை.

துண்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன். பச்சைக் கரை போட்டது. தினமும் அவர் துணியைச் சுடுதண்ணீரில் போட்டு அலசுகிறவள் நான். துவைக்காதே என்று சொன்னால் கை அரிக்கிறது! கழுத்துக்கடியில் அதை வைத்துவிட்டு, "இது உங்க குட்டிக்குங்க, நல்லா வேர்வை புடிக்கட்டும்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இடது கையால் அதை எடுத்து நெஞ்சில் தேய்த்துக்கொள்கிறார், முகத்தில் தேய்த்துக்கொள்கிறார். ரேடியோவைக்கூட ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார். நேற்று மூட்டை கட்ட எடுத்தபோது விட மனசில்லாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். தைல வாசம் தூக்கலாக இருக்கும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

பெயருக்கு ஒரு பொழுது முழுக்கப் பாடுபட்டோம். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் வாயைக் கோணிக் கோணிப் பார்த்தார். ராணி வரவில்லை. டைகர் வரவே இல்லை. கடைசியில் பொம்மி என்றேன். "பொம்மி" என்றார். அண்ணா, சித்திரைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து முழுசாக வந்த வார்த்தை அது ஒன்றுதான். என் பெயர்கூட இன்னும் வரவில்லை. போகட்டும், நாய்க்காவது வந்ததே.

இப்போது சாப்பிடுகிறார். கொஞ்சம்தான், ஆனால் பல்லை இறுக்குவதில்லை.

ராசாத்தாள்


ஈரோடு,
5.2.1996

தங்கை ராசாத்தாளுக்கு, பொங்கியண்ணன் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் இல்லை.

துண்டு வந்த அன்றே பொம்மி அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. மற்றக் குட்டிகள் இழுத்து விளையாடும். இது கடிக்காது. நாலாக மடித்த மாதிரி சுருட்டி, அதன் மேல் தாடையை வைத்துத்தான் தூங்கும். இதைச் சந்தோஷமாக எழுத வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் எங்கள் தெருவில் பார்வோ வந்துவிட்டது. குட்டிகளைக் கழிச்சலும் வாந்தியுமாக உருக்கிவிடுகிற நோய். அடுத்த வீதியில் யாரோ சந்தையில் வாங்கி வந்த குட்டியிலிருந்து பரவியிருக்கிறது. என் குட்டிகளில் இரண்டு போய்விட்டன. மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஷேக் பரீத் ராப்பகலாக வந்து குளுக்கோஸ் ஏற்றினார். பொம்மி பிழைத்துக்கொண்டது. இளைத்திருக்கிறது, ஆனால் நிற்கிறது.

டாக்டர் சொல்லிவிட்டதால் படுக்கை, சாக்கு, துணி எல்லாவற்றையும் கொளுத்திவிட்டேன். துண்டும் அதில் போய்விட்டது. வேறு வழியில்லை, கோபித்துக்கொள்ளக் கூடாது. அதனால் அவருடைய துணி இன்னொன்று வேண்டும். முன் மாதிரியே துவைக்காமல் அனுப்புங்கள். துண்டு போனதிலிருந்து குட்டி படுக்கையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. முழுசாகத் தேறினதும் நானே கொண்டுவந்து அவர் பக்கத்தில் விடுகிறேன்.

அழகிரிசாமி


ஈரோடு,
26.2.1996

தங்கைக்கு, அங்கே எல்லோரும் நலம்தானே? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. துணியும் வரவில்லை. துண்டைக் கொளுத்தினது கோபமா? ரசாக் பாயையும் இந்தப் பக்கம் காணோம். பொம்மி நன்றாக இருக்கிறது. ஒரு கார்டாவது போடுங்கள்.

அழகிரிசாமி


அன்னூர்,
4.3.1996

அண்ணனுக்கு,

அவர் போய்விட்டார். பிப்ரவரி மூன்றாம் தேதி, சனிக்கிழமை காலை. விவசாய நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போது சத்தம் கூட்டச் சொல்லி விரலைத் தூக்குவார். அன்றைக்குத் தூக்கவில்லை. வாழைக்கு உரம் வைப்பது பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ரேடியோவை அணைத்துக் கண்ணில் படாத இடமாகத் திணித்துவிட்டு, கோகிலாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

எனக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. ஊரே கூடி ஒப்பாரி வைக்கிறது, நான் சுவரில் சாய்ந்து தூங்கி விழுகிறேன். "கல்லு மாதிரி உக்காந்திருக்கறா பாரு" என்று காதில் விழுகிறபடியே பேசினார்கள். பேசட்டும்.

எங்கள் பக்கம் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாம்பல் கரைத்த கையோடு போனவர் துணிமணியை வீட்டில் வைக்கமாட்டோம். வேட்டி, சட்டை, துண்டு, போர்வை எல்லாம் எடுத்துக் கொடுத்தாயிற்று. கட்டிலையும் மெத்தையையும் காட்டு மூலையில் போட்டுக் கொளுத்தினார்கள். கோகிலா அறை முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டாள். "எல்லாஞ் சுத்தமாயிருச்சும்மா, நீங்க இனி நிம்மதியா இருங்க" என்றாள். அவள் திருப்பூர் போன மறுநாள் அந்த அறைக்குள் போய் நின்றேன். பினாயில் வாசம். அவர் இருந்த வாசம் ஒரு துளி இல்லை. அதைக் கழுவிக் கழுவித்தானே அண்ணா என் கை தேய்ந்தது? ஒழிய மாட்டேன் என்கிறதே என்று எத்தனை நாள் திட்டியிருப்பேன். இப்போது அதையே தேடினேன். அப்புறம் ஞாபகம் வந்தது, ஈரோட்டில் ஒரு துண்டு இருக்கிறது. குட்டி வேண்டாம், துண்டை மட்டும் திருப்பி அனுப்புங்கள் என்று உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் உங்கள் கடிதம் வந்தது. கொளுத்திவிட்டேன், இன்னொன்று அனுப்புங்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

நான் எதை அனுப்புவேன்?

உங்கள் மேல் தப்பில்லை. யார் மேலும் தப்பில்லை. குட்டியை வேறு நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். கோகிலா திருப்பூருக்கே வந்துவிடச் சொல்கிறாள். மூன்றாவது மாடி, அங்கே நாய் ஆகாது.

ராசாத்தாள்


ஈரோடு,
11.3.1996

தங்கைக்கு அழகிரிசாமி கை கூப்பி எழுதுவது.

அந்தத் துண்டை என் கையால்தான் நெருப்பில் போட்டேன். பச்சைக் கரை எரிந்தது கண்ணிலேயே நிற்கிறது.

என் வீட்டில் யார் யார் என்று கேட்டிருந்தீர்கள். ஜூலியும் நானும்தான். என் மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் ஓய்ந்து உட்கார்ந்திருந்தேன், என் அக்கா நல்ல மனசோடு அவள் சேலை ஒன்று விடாமல் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து அலமாரியில் அடுக்கிவிட்டுப் போனாள். நான் ஒரு நாள் அலமாரியைத் திறந்தேன். சோப்பு வாசம் அடித்தது. அதற்குப் பிறகு அதைத் திறக்கவில்லை. அதனால் நீங்கள் எழுதியது எனக்குப் புரிகிறது.

வேண்டாம் என்ற வீட்டில் குட்டியைத் தள்ளுகிறவன் நான் இல்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். துண்டு போய்விட்டது, துணியெல்லாம் போய்விட்டது. அவர் வாசம் இன்னதென்று தெரிந்த சீவன் உங்களுக்கு அடுத்தபடியாக இது ஒன்றுதான் பாக்கி. இதை யாரோ ஒருவர் வீட்டில் விட எனக்கு மனம் வரவில்லை.

17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவினாசி வழியாக பஸ்ஸில் வருகிறேன். துக்கம் விசாரிக்க வருகிறேன், குட்டியும் கூட வரும். பிடிக்கவில்லை என்றால் சாயங்கால பஸ்ஸில் இரண்டு பேரும் திரும்பிவிடுகிறோம். ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

அழகிரிசாமி


அன்னூர்,
25.3.1996

அண்ணனுக்குத் தங்கை எழுதுவது. பஸ்ஸில் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? குட்டிக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த ஆளை எங்கள் ஊர் கண்டக்டர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். ஜூலிக்கு ஏக்கம் ஒன்றும் இல்லையே?

அன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் கிளம்பும்போது நான் ஏன் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. தூங்கிக்கொண்டிருந்தது, எழுப்புவானேன் என்றுதான். உண்மையில் அது வந்ததும் வீடு முழுக்க மோந்துகொண்டு ஓடி, கழுவிவிட்ட அந்த அறைக்குள் நுழைந்து, தும்மிவிட்டு வெளியே வந்து வாசலில் படுத்துக்கொண்டதே, அதைப் பார்த்ததும் எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. அதுக்கே ஒன்றும் கிடைக்கவில்லை, இனி என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

சோறு வைத்தேன். சொன்ன வாக்குக்கு வாய்க்கால் மேட்டில் நடக்க வைத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏய் என்பேன், வரும். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போங்கள் என்று உங்களுக்கு எழுத வேண்டும் என்றே இருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தால் குட்டியைக் காணோம். வேலி ஓரம் பார்த்தேன், கிணற்றடி பார்த்தேன். கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். கடைசியில் மஞ்சள் மூட்டை அடுக்கியிருக்கிற அறையில், மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே வாலாட்டுகிற சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால், அவர் ரேடியோ. அவர் போன அன்று நான்தான் அங்கே திணித்திருக்கிறேன், மறந்தே போயிருந்தேன். வாரைப் பிடித்து வெளியே இழுத்து, தோல் உறையின் மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது.

"ஏய், தோலைக் கடிக்காத!" என்று கத்தியபடி பிடுங்கினேன். உங்கள் பேச்சுத்தான் ஞாபகம் வந்தது. பார்த்தால் ஒரு பல் படவில்லை. துண்டின் மேல் தூங்கும் என்று எழுதியிருந்தீர்களே, அப்படியே. எதற்கு இதன் மேல் போய்ப் படுத்தது என்று உறையை மூக்கருகே கொண்டுபோனேன்.

அண்ணா, அவர் அதில் இருக்கிறார். தைலம், வேர்வை, அவர் கழுத்து, எல்லாம் அப்படியே. பத்து மாசம் நெஞ்சின் மேல் கிடந்த தோல் அல்லவா. துணி துணி என்று தேடினேனே தவிர இதை நினைக்கவே இல்லை. கோகிலாவின் பினாயிலும் அந்த மூலைக்குப் போகவில்லை. மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். எழவு வீட்டில் வராத அழுகை அன்றைக்கு வந்தது. சத்தம் போட்டு அழுதேன், பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குட்டி பயந்து ஓடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அப்போதுதான் முதல் தடவையாகப் பொம்மி என்று கூப்பிட்டேன்.

கோகிலாவிடம் இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். காலையும் மாலையும் நடக்கிறோம். என் முழங்கால் வலிக்கிறது, அதுக்கு என்ன கவலை, இழுத்துக்கொண்டு போகிறது. நீங்கள் வந்து எடுத்துப் போக வேண்டாம், சும்மா பார்க்க வாருங்கள்.

உங்கள் விதியில் ஒன்றை மட்டும் மீறிவிட்டேன். ரேடியோவைக் கழற்றி அலமாரி மேல் வைத்திருக்கிறேன், காலையில் விவசாய நிகழ்ச்சி போடுகிறேன். உறையைக் கீழேயே விட்டிருக்கிறேன். பகலில் அது வைத்துக்கொள்கிறது, ராத்திரி நான் வைத்துக்கொள்கிறேன்.

தங்கை,
ராசாத்தாள்